உங்கள் வரி உயர்ந்தது இந்த ஆண்டில் அல்ல

வாசகர் கேள்வி:

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறேன். சொந்தம் என்று இருப்பது இந்த வீடு ஒன்றுதான். மூன்று ஆண்டுகளில் எங்கள் நகராட்சி வீட்டு வரியை மூன்றில் ஒரு பங்கு கூட்டிவிட்டது. தெருவில் குடிநீர்க் குழாய் அடிக்கடி உடைகிறது. ஆனால் பெரிய கூட்ட அரங்கம் ஒன்றைக் கட்டி முடித்துவிட்டார்கள். அடுத்து நீச்சல் குளமாம். கட்டும் செலவில் முக்கால் பங்கு அரசு மானியம் என்பதால் ஊருக்குச் சுமை இல்லை என்கிறார் எங்கள் கவுன்சிலர். வரியை இனி உயர்த்தவே கூடாது என்று சட்டம் கேட்டு அக்கம்பக்கத்தார் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் போடலாமா? பணம் எங்கேதான் போகிறது? திருடுகிறார்களா? கணக்கு வழக்குத் தெரியாத என்னைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்?

பதில்:

அன்புள்ள அம்மா,

முப்பது ஆண்டுகளுக்கு மேல் உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் நான். உங்கள் கடிதத்தில் ஒன்றை மட்டும் முதலிலேயே மறுத்துவிடுகிறேன். ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு மாதக் கடைசிவரை ஒரு வீட்டை நடத்துகிறவருக்குக் கணக்குத் தெரியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நகராட்சிக் கணக்கு அதே கணக்குதான். பக்கங்கள் கூடுதல், தலைப்புகள் கொஞ்சம் மிரட்டும், அவ்வளவுதான்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரி அறிவிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் உங்கள் வீட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பரப்பளவு, கட்டடத்தின் வயது, குடியிருப்பா வணிகமா என்ற வகை, தளங்களின் எண்ணிக்கை. இந்த நான்கில் ஏதாவது ஒன்று பிழையாக இருப்பதை என் பணிக்காலத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இடித்துவிட்ட மாட்டுக் கொட்டகைக்கு ஒன்பது ஆண்டுகள் வரி கட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவரை எனக்குத் தெரியும். ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் ஒன்று அறிவிப்பிலேயே இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதும் வரியைக் கட்டியாக வேண்டுமா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் கட்டிவிட்டுத்தான் வாதாட வேண்டும், கட்டாமல் விட்டால் அபராத வட்டி ஏறும்.

முதியோருக்குச் சலுகையோ தவணையோ ஒத்திவைப்போ உண்டா என்றும் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வீடு இருக்கிறது, கையில் பணம் இல்லை என்ற உங்கள் நிலை உலகம் முழுவதும் உள்ள நிலை. அயர்லாந்தில் 2013இல் வீட்டு வரி கொண்டுவந்தபோதே, வருமானம் குறைந்தவர்கள் வரியை ஒத்திப்போட்டு, வீடு கைமாறும்போது வட்டியோடு செலுத்தலாம் என்று வழி வைத்தார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயது கடந்தவர்களுக்கு இதே போன்ற ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊரில் இல்லை என்றால், அக்கம்பக்கத்தார் கையெழுத்து வாங்க வேண்டிய முதல் கோரிக்கை இதுதான் என்பேன்.

இனி, பணம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு வருகிறேன்.

திருடுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். திருட்டு உண்டு; பிடித்தும் இருக்கிறேன். ஆனால் ஊரின் வரிச்சுமையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் திருட்டு அல்ல. எல்லாத் தாள்களும் சரியாக இருந்து, எல்லோரும் விதிப்படி கையெழுத்திட்டு, பணம் மட்டும் ஒழுகிப்போவதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

ஒரு சிறிய நகராட்சியில் செலவுச்சீட்டுக் கட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குடிநீர் நீரேற்று நிலையத்தின் இரண்டாவது மோட்டார் எரிந்துபோனது, அதன் கம்பிச்சுருளை மாற்றிக் காயில் கட்டிய கூலி. சில தாள்கள் தள்ளி மறுபடியும் அதே மோட்டார், அதே கூலி. விரலை வைத்து எண்ணினேன். இரண்டு ஆண்டுகளில் பதினொரு முறை. கூட்டிப் பார்த்தால் புது மோட்டார் ஒன்றை வாங்கி, மிச்சப் பணமும் இருந்திருக்கும். பொறியாளரைக் கூப்பிட்டேன். நேர்மையான மனிதர். அவர் சொன்ன காரணத்தை நான் மறக்கவே இல்லை. பழுதுபார்க்கும் செலவு வருவாய்க் கணக்கில், அதாவது அன்றாடச் செலவுக் கணக்கில், வருகிறது. குறிப்பிட்ட தொகை வரை அவரே அனுமதிக்கலாம், மறுநாளே ஊருக்குத் தண்ணீர் விடலாம். புது மோட்டார் என்றால் மூலதனக் கணக்கு, அதாவது நீண்ட காலத்துக்கான சொத்து வாங்கும் கணக்கு. மதிப்பீடு தயாரித்து, தொழில்நுட்ப அனுமதி வாங்கி, மன்றத்தில் தீர்மானம் வைத்து, ஒப்பந்தப்புள்ளி கோரி, வந்து சேர எட்டு மாதம். எட்டு மாதம் ஊர் தாகத்தில் இருக்க முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் காயில் கட்டினார். பதினொரு சீட்டுகளில் ஒன்றில்கூட என்னால் தவறு காண முடியவில்லை. அந்தப் பதினொரு சீட்டுகளுக்கான பணத்தை உங்களைப் போன்ற ஒருவர்தான் தன் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்திருக்கிறார்.

உங்கள் தெருக் குழாயும் அப்படிப்பட்டதாக இருக்கக்கூடும். உடையும்போதெல்லாம் ஒட்டுவதற்குப் பணம் இருக்கிறது, மாற்றுவதற்கு இல்லை. மாற்றினால் மண்ணுக்கடியில் போய்விடும், யாருக்கும் தெரியாது, திறப்பு விழா வைக்க முடியாது. அரங்கத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம். நான் யாரையும் குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மக்களும் அரங்கத்தைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறோம்.

செலவு இயல்பாகவே ஏறுவதற்கும் காரணங்கள் உண்டு, அவற்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நகராட்சி செய்யும் வேலைகள் மனிதக் கைகளால் நடப்பவை. தெருக் கூட்டுவது, குப்பை அள்ளுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது. ஒரு தொழிற்சாலை புது இயந்திரம் வாங்கி ஒரே ஆளைக் கொண்டு பத்து மடங்கு உற்பத்தி செய்யலாம். ஒரு துப்புரவுப் பணியாளர் நேற்றைப் போல் பத்து மடங்கு தெருவைக் கூட்ட முடியாது. ஆனாலும் அவருக்கும் ஊரில் எல்லோருக்கும் போல ஊதியம் உயரத்தான் வேண்டும். 1960களிலேயே வில்லியம் பாமல் என்ற பொருளாதார அறிஞர் இதை விளக்கிவிட்டார். எனவே தரம் மாறாமல் இருந்தாலே செலவு விலைவாசியைவிடச் சற்று வேகமாக ஏறும்.

இதைக் கேட்டதும் சிலர், அப்படியானால் கூலியைக் குறைக்கலாமே என்பார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகராட்சியைப் பாருங்கள். குப்பை அள்ளும் ஆண்களுக்கும் சாலைப் பணி ஆண்களுக்கும் கொடுத்த ஊக்கத்தொகையை, அதே தரத்தில் வைக்கப்பட்டிருந்த சமையல், துப்புரவு, பராமரிப்புப் பணிப் பெண்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அந்தப் பெண்களின் வழக்கு 2012இல் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. அன்றிலிருந்து நகராட்சி கொடுத்த இழப்பீடு நூறு கோடி பவுண்டைத் தாண்டியது. அதோடு, கணினிக் கணக்கு முறை ஒன்றை மாற்றப்போய் அதன் செலவும் பல மடங்கு வீங்கியது. 2023 செப்டம்பரில், இனி அவசியமற்ற செலவு எதையும் செய்ய முடியாது என்று நகராட்சி கைவிரித்தது. 2024இல் வரி ஏறக்குறைய 10 விழுக்காடு உயர்ந்தது, 2025இல் மறுபடியும் ஏழரை விழுக்காடு. அந்தப் பெண்களுக்குக் கூலியைக் குறைத்தபோது மிச்சமானது போலத் தெரிந்த பணத்தை அடுத்த தலைமுறை வரி கட்டுபவர்கள் வட்டியும் முதலுமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி இருக்கிறது. உங்கள் வரி இந்த ஆண்டு உயரவில்லை அம்மா. இந்த ஆண்டு அது உங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது உயர்ந்தது, அரங்கம் கட்டத் தீர்மானம் போட்ட நாளில். குழாய் மாற்றுவதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்த நாளில். கடன் பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளில். அன்றைக்கு மன்றக் கூட்டத்தில் பார்வையாளர் நாற்காலிகள் பெரும்பாலும் காலியாக இருந்திருக்கும். இன்று வரி அறிவிப்போடு வந்து நூறு பேர் முற்றுகையிட்டாலும், கட்டிய அரங்கத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் யூபாரி என்ற நகரம் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்க ஊர். 1960இல் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1990இல் கடைசிச் சுரங்கமும் மூடியது. ஊரைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் நகராட்சி சுற்றுலாவில் இறங்கியது. கேளிக்கைப் பூங்கா, அருங்காட்சியகம், தங்கும் விடுதி, பனிச்சறுக்குத் தளம். ஆட்கள் வரவில்லை, கட்டடங்களுக்குச் செலவு வந்துகொண்டே இருந்தது. பற்றாக்குறையை மறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கணக்காண்டு மார்ச் மாதம் முடிந்தாலும், பழைய ஆண்டின் வரவு செலவை முடித்துக்கொள்ள ஏப்ரல், மே என இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதத்தில் புதிய ஆண்டின் பணத்தை எடுத்துப் பழைய ஆண்டின் பள்ளத்தை நிரப்புவது. அடுத்த ஆண்டு அதற்கடுத்த ஆண்டிலிருந்து எடுப்பது. தாளில் எல்லா ஆண்டும் சமநிலை.

2006இல் குட்டு வெளிப்பட்டபோது கடன் 3,500 கோடி யென்னைத் தாண்டியிருந்தது. ஊரில் மிஞ்சியவர்கள் சுமார் 13,000 பேர். 2007இல் மத்திய அரசின் கண்காணிப்பில் ஊர் வைக்கப்பட்டது. வரி உயர்ந்தது, கட்டணங்கள் உயர்ந்தன. ஊழியர்கள் ஏறத்தாழப் பாதியானார்கள், இருந்தவர்களுக்குச் சம்பளம் வெட்டப்பட்டது. பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 171 படுக்கைகள் இருந்த மருத்துவமனை 19 படுக்கைகள் கொண்ட சிறு சிகிச்சையகமாகச் சுருங்கியது. இளைஞர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். போக முடியாத முதியவர்கள் கடனைக் கட்டத் தங்கினார்கள். அந்தப் படுக்கைக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. பூங்காவுக்கு அடிக்கல் நாட்டிய நாளில் அந்த 152 படுக்கைகளைப் பற்றி ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் நடந்தது வேறு விதம், விளைவு ஒன்றே. 1950இல் 18 லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை 2013இல் சுமார் ஏழு லட்சமாகிவிட்டது. குழாயும் விளக்குக் கம்பமும் 18 லட்சம் பேருக்குப் போட்டவை. பராமரிக்கப் பணம் ஏழு லட்சம் பேரிடமிருந்து வர வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் நகரம் திவாலானபோது தெருவிளக்குகளில் ஐந்தில் இரண்டு எரியவில்லை.

இப்போது உங்கள் நீச்சல் குளத்துக்கு வாருங்கள். நான் நீச்சல் குளத்துக்கு எதிரி இல்லை. ஊர்க் குழந்தைகள் நீந்தக் கற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவன். ஆனால் முக்கால் பங்கு மானியம் என்பதால் சுமை இல்லை என்று கவுன்சிலர் சொன்னது பிழை. மானியம் கட்டுவதற்கு. நடத்துவதற்கு இல்லை. குளம் திறந்த மறுநாளிலிருந்து உயிர்காப்பாளர் இருவர், காவலாளி, தண்ணீரைச் சுத்திகரிக்கும் மோட்டாருக்கு மின்கட்டணம், குளோரின், உதிரும் ஓடுகள், சில ஆண்டுகளில் வடிகட்டி மாற்றம். இவை அந்த மானியத்தில் வராது; வருவாய்க் கணக்கில் வரும். வருவாய்க் கணக்கு என்றால் உங்கள் வரி. மானியத்தில் கிடைத்த கட்டடம் இலவசம் என்று நினைப்பது, யாரோ யானையைப் பரிசாகக் கொடுத்தார்கள் என்று வாங்கிக் கொல்லையில் கட்டுவதைப் போன்றது. தீனி நாம்தான் போட வேண்டும்.

கையெழுத்து விஷயம். தயங்காமல் சொல்கிறேன்: அந்த மனு இப்போதுள்ள வடிவில் இருந்தால் போடாதீர்கள். உங்கள் அக்கம்பக்கத்தாரின் கோபம் நியாயமானது. ஆனால் இதை ஏற்கெனவே ஓர் ஊர் செய்து பார்த்திருக்கிறது. ஊர் என்ன, ஒரு மாநிலமே. 1978 ஜூனில் கலிஃபோர்னியா மக்கள் வாக்கெடுப்பு நடத்திச் சொத்து வரிக்குப் பூட்டுப் போட்டார்கள். வரி, சொத்தின் மதிப்பில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வீடு கைமாறும்வரை மதிப்பீட்டை ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. உங்களைப் போன்ற முதியவர்களுக்கு அது பெரிய நிம்மதி தந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரே தெருவில், ஒரே மாதிரி இரண்டு வீடுகளில், பழைய குடும்பம் கட்டும் வரியைப் போலப் பல மடங்கைப் புதிதாக வந்த இளம் குடும்பம் கட்டுகிறது. பழைய கட்டடத்தைக் கைமாற்றாமல் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் அதே சலுகை கிடைத்தது. நகராட்சிகளோ வரியில் இழந்ததைப் புதுப்புதுக் கட்டணங்களாக வாங்கத் தொடங்கின. ஊர்ப் பணத்தைப் பங்கிடும் அதிகாரமும் பெருமளவு மாநிலத் தலைநகருக்குப் போய்விட்டது. வரிக்குப் பூட்டுப் போட்டவர்கள் செலவுக்குப் போடவில்லை.

உங்கள் மனுவை எழுதியவர்களிடம் பேசுங்கள். வரி உயரக் கூடாது என்ற வாசகத்தை எடுத்துவிட்டு வேறு மூன்றைக் கேட்கச் சொல்லுங்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் எந்தக் கட்டடத்துக்கும் கடனுக்கும் மக்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். தீர்மானத்தோடு பத்து ஆண்டு நடத்தும் செலவையும் சேர்த்து வைக்க வேண்டும். வருமானம் குறைந்த முதியவர்களுக்கு வரியை ஒத்திப்போடும் வசதி வேண்டும். இவை ஆகாத காரியங்கள் என்று யாராவது சொன்னால் சுவிட்சர்லாந்தைக் காட்டுங்கள். அங்கே பல ஊர்களில் ஒரு வரம்பைத் தாண்டிய செலவு மக்கள் வாக்கெடுப்புக்குப் போயாக வேண்டும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் சிற்றூர் மக்கள் ஆண்டுக்கொரு முறை ஒரே கூடத்தில் கூடி, ஊரின் வரவு செலவைத் தாங்களே விவாதித்துக் கைதூக்கி முடிவு செய்கிறார்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் தொடங்கி, புது முதலீடு எந்தப் பகுதிக்கு, எந்த வேலைக்கு என்பதை அந்தந்தப் பகுதி மக்கள் கூட்டங்களில் முடிவு செய்ய வைத்தது. சாலையா, சாக்கடையா, பள்ளியா என்று மக்களே வரிசை போட்டார்கள்.

மக்கள் வராத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை ஒட்டி பெல் என்றொரு சிறிய ஊர். சுமார் 35,000 பேர், பெரும்பாலும் எளிய உழைப்பாளிகள். 2005இல் ஊரின் நிர்வாக அமைப்பை மாற்ற ஒரு சிறப்பு வாக்கெடுப்பு வைத்தார்கள். கவுன்சிலர்களின் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த வரம்பிலிருந்து அந்த மாற்றம் விலக்குத் தரும் என்பது பலருக்குத் தெரியாது. வாக்களிக்க வந்தவர்கள் 400 பேர்கூட இல்லை. 2010இல் நாளிதழ் ஒன்று தோண்டி எடுத்தபோது, அந்த ஏழை ஊரின் நகராட்சி மேலாளர் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு லட்சம் டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். பகுதிநேரக் கவுன்சிலர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம். பிறகு வழக்கு, சிறை எல்லாம் நடந்தது. ஆனால் அந்த 2005ஆம் ஆண்டு வாக்கெடுப்பு நாளன்று ஒரே ஒரு தெரு வந்து, இது எதற்கு என்று கேட்டிருந்தால் போதும்.

கணக்குப் புத்தகத்தை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். முன்னுரை எப்போதும் இனிமையாகவே இருக்கும். ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுங்கள், குடிநீர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நேரே சென்ற ஆண்டு என்ன மதிப்பிட்டார்கள், நடுவில் எவ்வளவாகத் திருத்தினார்கள், கடைசியில் உண்மையாக எவ்வளவு செலவானது என்று மூன்று எண்கள் இருக்கும். குழாய் மாற்ற ஒதுக்கி, திருத்தத்தில் குறைத்து, உண்மைச் செலவில் பூஜ்யமாக்கியிருந்தால், அந்தப் பணம் வேறு எந்தத் தலைப்பில் திருத்தத்தின்போது ஏறியது என்று தேடுங்கள். வீட்டில் மளிகைக்கு வைத்த பணம் எங்கே போனது என்று தேடுவீர்களே, அதே தேடல்.

அடுத்து, பலரும் பார்க்காத ஒரு பக்கம்: வரி நிலுவை. கேட்புத் தொகை (வர வேண்டிய வரி) இவ்வளவு, வசூல் இவ்வளவு, பாக்கி இவ்வளவு என்று அட்டவணை இருக்கும். இதில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் இது உங்களைப் போன்ற நேர்மையானவர்களை நேரடியாகத் தொடும் அநீதி. நிலுவைப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால், சிறிய வீடுகள் பெரும்பாலும் ஒழுங்காகக் கட்டியிருக்கும். பெரும் பாக்கி சில பெரிய வளாகங்களில், வழக்குப் போட்டு இழுத்தடிக்கும் சொத்துகளில், அரசின் வேறு துறைக் கட்டடங்களில் தங்கியிருக்கும். பதிவேட்டிலேயே ஏறாத கட்டடங்களும் உண்டு. வீடு என்று பதிவாகி வணிகம் நடக்கும் கட்டடங்களும் உண்டு. நகராட்சிக்குச் சொந்தமான இடங்களுக்கு எந்தக் காலத்திலோ நிர்ணயித்த வாடகை அப்படியே கிடக்கும். இவற்றைத் தொட்டால் செல்வாக்குள்ளவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒழுங்காகக் கட்டுபவரின் வரி விகிதத்தை உயர்த்தினால் ஒருவரும் தொலைபேசியில் கூப்பிட மாட்டார்கள். ஒரு தணிக்கை அறிக்கையில் இதை நான் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து எழுதினேன். ஐந்தாம் ஆண்டு அதே பத்தியை எண்களை மட்டும் மாற்றி எழுதும்போது கை வலித்தது. அந்த ஊரில் ஒரே ஒரு குடிமகன் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கியிருந்தால், என் பத்திக்கு உயிர் வந்திருக்கும்.

எனவே தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் தணிக்கைத் தடைகள், அதாவது தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபங்கள், என்றொரு பகுதி இருக்கும்; பழைய ஆண்டுகளின் தீராத தடைகளும் இருக்கும். உங்களுக்கு முன்பே ஒருவர் அமர்ந்து, சீட்டுச் சீட்டாகப் பார்த்து, உங்களுக்காகவே எழுதி வைத்தது அது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளாட்சி அமைப்புகள் ஒவ்வோர் ஆண்டும் 30 வேலை நாட்கள் தங்கள் கணக்குகளையும் ரசீதுகளையும் மக்கள் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும். பல நாடுகளில் இப்படி ஏதாவது ஒரு கதவு இருக்கும். தட்டுவதற்குக் கணக்காளர் பட்டம் தேவையில்லை.

தனியாகப் போகாதீர்கள். நான்கு பேராகப் போங்கள். உங்கள் பழைய மாணவர்களில் வங்கியில் வேலை பார்ப்பவரோ பொறியாளரோ இருப்பார்; டீச்சர் கூப்பிட்டால் வராமல் இருக்க மாட்டார்கள். வரவு செலவு நிறைவேறும் கூட்டத்துக்குப் போவதில் பலன் குறைவு. அதற்குள் எல்லாம் பேசி முடித்திருப்பார்கள். துறைகள் தங்கள் தேவைப் பட்டியலை அனுப்பும் காலம் அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பு. குழாய் மாற்றும் வேலை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அப்போதே பொறியாளரைக் கேளுங்கள். அவரும் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். மக்கள் கேட்கிறார்கள் என்று மன்றத்தில் சொல்ல அவருக்கும் ஒரு பிடிமானம் வேண்டும்.

நீச்சல் குளத்துக்கான தீர்மானம் இன்னும் மன்றத்துக்கு வரவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். அப்படியானால் காலம் இருக்கிறது. நகராட்சி அலுவலகத்தில் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். குளம் அதில் வந்தால், கூட்டத்துக்கு முன்பே தலைவருக்கும் ஆணையருக்கும் உங்கள் கவுன்சிலருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். கடிதத்தில் இவ்வளவு மட்டும் இருக்கட்டும்: "குளத்தைக் கட்டி முடித்த பிறகு அதை ஓராண்டு நடத்த எவ்வளவு ஆகும்? கட்டணமாக எவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? மீதியை எந்தத் தலைப்பிலிருந்து எடுப்பீர்கள், அந்தத் தலைப்பில் எந்த வேலை நிற்கும்? எங்கள் தெருக் குழாய் மாற்றும் வேலை எந்த ஆண்டில் வைக்கப்பட்டிருக்கிறது?" கடிதம் பெற்றதற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விகளையும் பதில்களையும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யும்படி கடைசி வரியில் கேளுங்கள். பதில் வந்ததும் அதன் நகலை எனக்கும் அனுப்புங்கள். எண்களை நாம் சேர்ந்து பார்க்கலாம்.